வலது கைப்பிடிப் பொத்தான்

ஜூன் 3, செவ்வாய்

மழை வருவது போல் காட்டிவிட்டு ஏமாற்றியது. மாடி வீட்டு ஒயரிங் ஒருவழியாக முடிந்தது. அந்த வீட்டம்மாள் ஒவ்வொரு சுவிட்சையும் பத்துத் தடவை தட்டிப் பார்த்த பிறகுதான் என்னை வெளியே விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி ஷெட் சாவியை நீட்டுகிறார். "வண்டி சும்மா துருப்பிடிக்குது தம்பி. அவரால இனிமே முடியுமோ என்னமோ. நீங்களாவது எடுத்துப் பாருங்க" என்றார்.

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ஐம்பது வயதில் ஒரு சாவிக்கா? ஆமாம், இந்தச் சாவிக்குத்தான். அப்பா போன பிறகு வீடு எங்கள் இரண்டு பேருக்கும், வண்டி அண்ணனுக்கு மட்டும் என்று ஆனது. அன்று முதல் ஷெட் சாவி அவன் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நர்ஸ் சட்டையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தபோதுதான் இறங்கியது.

வலது கை போய்விட்டது. வலது கால் பாதி திரும்பியிருக்கிறது, இழுத்து இழுத்து நடக்கிறான். பேச்சு என்று பார்த்தால் "ம்" மட்டும்தான். தெருவையே அதட்டிய வாய்!

ஷெட்டைத் திறந்தேன். ஏறக்குறைய என் வயதுதான் அந்த வண்டிக்கும். ஒற்றை சிலிண்டர், கறுப்பு டேங்க். எஞ்சினில் பெரிய குறை இருக்காது, அவன் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவன். கைப்பிடி சுவிட்சுகள்தான் கதை முடிந்து கிடக்கின்றன. ஒயர்களை எலி தின்றிருக்கிறது. ஹாரன் பட்டன் உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் என்றால் என் தொழில். காலமெல்லாம் அடுத்தவன் வீட்டுச் சுவிட்சைத்தானே பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 5

இடது பக்கத்து சுவிட்சைப் பிரித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்ட டப்பா. நடுவில் ஹாரன் பட்டன், ஓரத்தில் ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிம் சுவிட்ச். திருகாணிகள் துருவேறி அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, கெஞ்சிக் கொஞ்சிக் கழற்றினேன். உள்ளே பித்தளைத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. மூடியைத் தூக்கியதும் ஒரு ஸ்பிரிங்கும் மிளகு அளவு இரும்பு உருண்டையும் துள்ளி எங்கோ போயின. தரையில் தவழ்ந்து தேடி எடுத்தேன்.

நிமிர்ந்தால் அண்ணன். வீடு கழுவ வேண்டும் என்று அண்ணி அவனை நாற்காலியோடு ஷெட் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவன் சுவிட்சை நான் பிரிக்கிறேன், அவன் பார்க்கிறான், ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இனி நானே தினமும் அவனைக் கூட்டிவந்து உட்கார வைக்கப் போகிறேன்.

அண்ணி நெகிழ்ந்துபோய், "கூடப் பொறந்த பாசம் எங்க போகும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

எதிர்க்கடை தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாம்பாம், கடைசியில வண்டி உன் கைக்கு வந்துடுச்சு போல?" என்றார். தலை நரைத்த பிறகும் இந்தப் பெயர் போகவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் தூங்கும்போது, வாசலில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டினேன். தெருமுனையில் சாய்த்துவிட்டேன். எனக்கு முழங்கை கிழிந்தது, வண்டிக்கு ஹாரன் பட்டன் உடைந்தது. அண்ணன் ஓடி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து, "ஹாரனை உடைச்சவன்தான் இனிமே ஹாரன். முன்னாடி நட" என்றான். தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் 'பாம் பாம்' என்று கத்திக்கொண்டே நான் முன்னால் நடக்க, அவன் பின்னால் மெதுவாக ஓட்டி வந்தான். குரல் இறங்கினால் முன்சக்கரத்தால் காலில் இடிப்பான். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். சிரிக்காதவள் எங்கள் அம்மா ஒருத்திதான். இல்லை, அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் தெருவில் ஒரு பெண் அதுவரை என்னைப் பார்த்தால் நின்று பேசுவாள். அதற்கப்புறம் நிற்கவில்லை. கடைசிவரை நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதுவும் காரணம்.

இன்று அவன் கடைவாயில் எச்சில் வழிந்தது. துடைக்காமல் விட்டேன்.

ஜூன் 9

புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங், உருண்டை, குட்டித் திருகாணி எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி அவன் மடியில் வைத்தேன். "ஒவ்வொண்ணா எடுத்துக் குடு அண்ணே. வலது கையால. இடது கை பட்டுச்சுன்னா ஆட்டம் முதல்ல இருந்து" என்றேன்.

கை தட்டின் ஓரம்வரை ஊர்ந்தது, அதோடு சரி. விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. அவன் முகம் சிவக்கச் சிவக்க எனக்கு வயிறு குளிர்ந்தது. கடைசியில் தட்டு கவிழ்ந்தது. "பரவாயில்ல, நாளைக்கும் இருக்கு" என்று எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன்.

கெட்டவன்தான் நான். இருக்கட்டுமே. அவன் காலமெல்லாம் செய்ததை நான் ஒரு மாதம் செய்தால் குடியா முழுகிவிடும்?

ஜூன் 13, வெள்ளி

கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண் இன்று ஷெட்டுக்கே வந்துவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். சின்ன வயது, ஆனால் அண்ணனையே அதட்டுவாள். மடியில் தட்டைப் பார்த்ததும் என் திருட்டு அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அவளோ, "யாரு சார் இதை யோசிச்சது? அருமையான பயிற்சி! நான் பந்து குடுத்தா தூக்கிப் போடறாரு. இதுல பாருங்க, எவ்வளவு மல்லுக்கட்டறாரு" என்றாள்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இந்தச் சில மாசத்துல வர்றதுதான் சார் வரும். அப்புறம் வர்றது ரொம்பக் கஷ்டம். அவருக்கு வண்டி மேலதான் உயிர். அந்த ஆசையை மட்டும் விடாம பிடிச்சு வைங்க, கை தானா வரும்."

மூக்கறுபட்டது போல் ஆகிவிட்டது. நான் வதைக்கிறேன் என்று நினைத்தால் வைத்தியம் செய்கிறேனாம்.

ஜூன் 16

உருண்டையை எடுத்துவிட்டான். எடுத்தது வலது கை. என் முகத்தில் எறிந்தது இடது கை.

ஜூன் 19

கைப்பிடியைத் துருவெல்லாம் போகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. முகம் தெரிகிறது. அண்ணன் இப்படி ஒருநாளும் வைத்ததில்லை. சுவிட்ச் பொருந்தும் இடமெல்லாம் வெறும் இரும்பாக, சொறி பிடித்தது போல் விட்டு வைத்திருந்தான். சோம்பேறி.

ஜூன் 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

புது ஒயர் இழுத்து, பித்தளைத் தகடெல்லாம் பளபளவென்று தேய்த்து, இரண்டு பக்கமும் சுவிட்சுகளை மாட்டினேன். தையல்காரரும் அவர் கடைக்கு வந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அண்ணியும் வந்தார். அண்ணன் நாற்காலியில். நான் பெரிய மனிதன் போல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாரன் பட்டனை அமுக்கினேன்.

ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினேன். ஒரு முனகல்கூட இல்லை.

டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஒயரில் கரண்ட் வருகிறது. பட்டன் சரி. ஹாரன் சரி. பிரித்தேன், மாட்டினேன், பிரித்தேன். அப்போது அண்ணன் இழுத்து இழுத்து எழுந்து வந்து, இடது கை நகத்தால் என் கைப்பிடியைச் சுரண்ட ஆரம்பித்தான். என் பெயிண்டை! புத்தம் புது பெயிண்டை! "எடுடா கைய!" என்று கத்திவிட்டேன். அண்ணனை 'டா' போட்டு. கையில் ஓங்கி ஒரு அடியும் வைத்தேன். எல்லார் முன்னாலும்.

அவன் கோபப்படவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து என்னையே பார்த்தான். வாய் கோணிக் கோணி அசைந்தது. பிறகு, அட்சரம் பிசகாமல், தெளிவாகச் சொன்னான்:

"பாம் பாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் பேசிய முதல் சொல். அண்ணி "பேசிட்டாரு! பேசிட்டாரு!" என்று அழுதார். தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, உங்களைக் கூப்பிடறாரு பாருங்க" என்று அண்ணி என் தோளைத் தொடுகிறார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஜூன் 23

பெயிண்ட்தான்.

வீட்டுச் சுவிட்சுக்கு இரண்டு ஒயர் போகும். இந்த வண்டியில் ஒற்றை ஒயர்தான், இன்னொரு ஒயர் கைப்பிடியின் இரும்பேதான். பட்டனை அமுக்கினால் கரண்ட் இரும்பில் இறங்க வேண்டும். நடுவில் நான் கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன், எப்படி இறங்கும்? அவன் சொறி பிடித்தது போல் விட்டு வைத்ததெல்லாம் சும்மா இல்லை. சுரண்டிக் காட்டினான். நான் அடித்தேன்.

சுவிட்ச் உட்காரும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டினேன். ஹாரன் தெருவே அதிர அலறியது. உள்ளேயிருந்து அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் காட்டியது சரி என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஜூன் 29, ஞாயிறு

எஞ்சின் ஓடுகிறது! நாலு உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் — அதை நான் எத்தனை வருஷம் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன், இன்று என் கையில்.

ஷெட்டுக்குத்தான் சாவி, இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. உதைத்தால் ஓடும். நிறுத்துவதற்கு வலது கைப்பிடியில் ஒரு பித்தளைப் பொத்தான். அதை அமுக்கினால் தீப்பொறிக்குப் போக வேண்டிய கரண்ட் கைப்பிடி இரும்பில் இறங்கிவிடும், எஞ்சின் நின்றுவிடும். அதையும் நானே பிரித்து, சுத்தம் செய்து, புது ஸ்பிரிங் போட்டு மாட்டியிருந்தேன்.

நான் சத்தத்தில் மயங்கி நிற்கும்போது அண்ணன் நாற்காலியை வண்டிப் பக்கம் நகர்த்திவிட்டான். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கைப்பிடிமேல் வைத்தான். பிறகு இடது கையை எடுத்துவிட்டான். வலது கை அங்கேயே நின்றது. கட்டை விரல் தேடித் தேடிப் போய்ப் பொத்தான்மேல் உட்கார்ந்தது. முகமெல்லாம் வியர்வை. அமுக்கினான்.

எஞ்சின் நின்றது.

அண்ணி கை தட்டினார். அவன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அந்தப் பழைய சிரிப்பு, கொஞ்சம் கோணலாக.

ஜூலை 1, செவ்வாய்

பயிற்சிப் பெண்ணிடம் அண்ணி மூச்சு விடாமல் சொன்னார். அவள் அண்ணனின் கட்டை விரலை ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவனுக்குத் தெரியவில்லை. "விரல்ல பலம் வந்துடுச்சு, உணர்ச்சி இன்னும் வரல. அமுக்கினோமா இல்லையான்னு அவருக்கே தெரியாது. எஞ்சின் நின்னாத்தான் அவருக்குத் தெரியும்" என்றாள். "தினமும் அமுக்கட்டும் சார். அதுதான் இப்ப அவருக்கு மருந்து. பொத்தானுக்கு அடுத்து பிரேக், அப்புறம் ஆக்ஸிலேட்டர். யார் கண்டா, ஓட்டினாலும் ஓட்டுவாரு."

ஓட்டுவானாம். அப்படியென்றால் நான் எதற்கு இவ்வளவு பாடுபட்டேன்? அவன் சட்டைப் பைக்கு மறுபடி சாவியை எடுத்துக் கொடுக்கவா?

ஜூலை 3

நான் உதைக்கிறேன். அவன் நிறுத்துகிறான். நான் உதைக்கிறேன். அவன் நிறுத்துகிறான். அண்ணி மட்டும் கை தட்டுகிறார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று முதல் சவாரி என்று முடிவு செய்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை. தெருவில் ஏழெட்டுப் பேர். வண்டியை வாசலில் நிறுத்தி, உதைத்து, ஏறி உட்கார்ந்து கிளச்சைப் பிடித்தேன். வாசற்படியில் நின்ற அண்ணன் வலது கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினான். இந்த முறை இடது கையின் உதவிகூட வேண்டியிருக்கவில்லை. நின்றது. மறுபடி உதைத்தேன். மறுபடி நிறுத்தினான்.

"எறங்கு" என்றான். இரண்டாவது சொல்.

"என்ன பாம்பாம், வண்டி உன் பேச்சைக் கேக்க மாட்டேங்குதா?" என்று தையல்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இறங்கினேன். ஆமா, எறங்கிட்டேன்! ஐம்பது வயசுல, இஸ்திரி சட்டையோட, ஒத்தைக் கை மனுஷன் சொன்னான்னு எறங்கிட்டேன். தள்ளிக்கிட்டு ஷெட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டேன். இவனுக்குக் கை வந்தா நான் செத்தேன். அவ்வளவுதான். திரும்ப அதே கதைதான் சாகறவரைக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

பொத்தானுக்குப் பின்னால் ஒரே ஒரு திருகாணி. அதைத் தளர்த்தி, ஒயரை உருவி, நுனிக்கு டேப் சுற்றி, பொத்தானைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் கிளாம்புக்கு உள்ளே மடித்து வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பொத்தான் முன்போலவே உள்ளே போய் வெளியே வரும். எஞ்சின் மட்டும் நிற்காது.

அவனைக் கூட்டிவந்து உட்கார வைத்து எஞ்சினைப் போட்டேன். கையைத் தூக்கினான். கட்டை விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. அமுக்கினான். எஞ்சின் பாட்டுக்கு ஓடியது. விரலைப் பார்த்தான். மறுபடி அமுக்கினான். தோள்வரை துடித்தது.

"என்ன அண்ணே, பலம் பத்தலையா? முந்தாநாள் நல்லாத்தானே அமுக்கின?" என்றேன். பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். இடது கைப்பிடியில் கிளச்சுக்குக் கீழே ஒரு குட்டி லிவர் உண்டு, உதைப்பதற்கு முன்னால் சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விட. ஓடும்போது அதைப் பிடித்தாலும் எஞ்சின் நின்றுவிடும். நான் என் வலது கட்டை விரலை அவன் பார்க்கப் பொத்தான்மேல் வைத்தேன். இடது கையால் அந்தப் பக்கம் லிவரைப் பிடித்தேன். பலமாக இருமிக்கொண்டேன். எஞ்சின் நின்றது.

"பாரு. பொத்தான் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மறுபடி போட்டேன். அவன் அமுக்கினான், அமுக்கினான், அமுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஜூலை 9

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஓட்டினேன்! தெருவைக் கடந்து, பாலத்தைக் கடந்து, பட்டறைகள் முடிந்து வெறும் சாலை வருகிற இடம்வரை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. யாருமில்லாத இடத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். ஒரு மாடு திரும்பிப் பார்த்தது. பைத்தியக்காரன் போல் தனியாகச் சிரித்தேன்.

புறப்படும்போது அண்ணன் வாசலில்தான் இருந்தான். கையை நீட்டவில்லை. தெருவில் யாரும் சிரிக்கவும் இல்லை. தையல்காரர், "பாத்துப் போப்பா" என்றார். பாம்பாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பயிற்சிப் பெண் அவன் கையை மடக்கி நீட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "போன வாரம் இருந்த பிடி இப்ப இல்லையே. என்ன சார் நடந்துச்சு? வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

"அவரு முயற்சியே பண்ணல. 'போச்சு, போச்சு'ன்னு சொல்றாரு" என்றாள்.

அவனுக்கு மூன்றாவது சொல் வந்துவிட்டது என்று மட்டும் அப்போது நினைத்தேன்.

ஜூலை 24

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறானாம். இடது கையால்கூட எடுத்துச் சாப்பிடுவதில்லை, அண்ணி ஊட்ட வேண்டியிருக்கிறது. ஷெட் பக்கம் நாற்காலியைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

சாயங்காலம் அண்ணி என் அறைக்கு வந்தார். என் அறைக்கு அவர் வருவதே இல்லை. வாசலிலேயே நின்று, "வண்டியை நீங்களே வச்சுக்கங்க தம்பி. அவர்தான் சொன்னாரு. கைய காட்டி, வண்டியைக் காட்டி, உங்க அறையைக் காட்டினாரு" என்றார். பிறகு, "நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க. தினமும் உக்கார வச்சு, தட்டுல பொறுக்கவிட்டு... கை வந்துச்சே தம்பி. என் கண்ணால பாத்தேனே. எப்படிப் போச்சு?" என்று அழுதார்.

ஒயர் என்று சொல்ல வாய் வரை வந்தது. "டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டலாம் அண்ணி" என்றேன். நாக்கு எப்படிப் புரண்டது பார்.

ஜூலை 25

கேட்டது கிடைச்சாச்சு. வண்டி என்னோடது. அவனே குடுத்துட்டான். அப்புறம் என்ன? ஏன் சோறு இறங்கல?

அவன் கெட்டவன். ஒத்துக்கறேன். என் தலையெழுத்தையே கோணலாக்கினவன். ஆனா அவன் என்னை நடக்கத்தான் வச்சான், காலை வெட்டலையே. நான் என்ன பண்ணேன்? அவன் கை அவன்கிட்ட திரும்பி வந்துக்கிட்டிருந்துச்சு. நான் வழியில நின்னு, உனக்குக் கையே இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.

ஒரு திருகாணி. அதைத் திருக எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூலை 27, ஞாயிறு

டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டினேன். திருகாணியை இறுக்கினேன். எஞ்சினைப் போட்டு என் விரலால் அமுக்கிப் பார்த்தேன், உடனே நின்றது. போய் அவனைக் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். உடம்பு இளைத்துவிட்டது.

எஞ்சின் ஓடியது. அவன் கையைத் தூக்கவில்லை. நானே எடுத்துக் கைப்பிடிமேல் வைத்தேன். கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தேன். "அமுக்கு அண்ணே. ஒரே ஒரு தடவை. எனக்காக" என்றேன். என் முகத்தை எதற்கோ உற்றுப் பார்த்தான். விரல் லேசாக அசைந்தது. முன்பு போல் இல்லை, பாதி பலம்கூட இல்லை. ஆனாலும் பொத்தான் உள்ளே போனது.

எஞ்சின் நின்றது.

"பாத்தியா! நீதான்! நீதான் நிறுத்தின!" என்று கத்தினேன். அவன் சந்தோஷப்படவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என் இடது கையைப் பார்த்தான். பழக்க தோஷம், கை லிவர்மேல் கிடந்தது. தெரியாமல்தான் கிடந்தது.

"லிவர்" என்றான்.

"இல்ல அண்ணே, நான் பிடிக்கல." இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "இப்ப அமுக்கு, மறுபடி போடறேன், பாரு." போட்டேன். அவன் கையை மடிக்குக் கொண்டுபோய்விட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒயரை நான்தான் கழட்டி வச்சேன் அண்ணே. உன் கையில ஒரு குறையும் இல்ல. அன்னைக்கு நீ சரியாத்தான் அமுக்கின. நான்தான் லிவரைப் பிடிச்சு ஏமாத்தினேன். உனக்குக் கை வரக் கூடாதுன்னு பண்ணினேன்." டேப்பைக்கூட எடுத்துக் காட்டினேன். அழுதேன். அடி, நாலு அறை விடு என்றேன்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் இடது கையை நீட்டினான். அறையத்தான் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கன்னத்தில் தட்டினான். மெதுவாக. பிறந்ததிலிருந்து அவன் என்னை அப்படித் தொட்டதில்லை.

"பொய்" என்றான். அவனைத் தேற்ற நான் கட்டிய கதை என்று நினைத்துவிட்டான். பிறகு வாயைக் கோணிக் கோணி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "நல்ல... தம்பி" என்றான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பயிற்சிப் பெண் வருவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. அண்ணி நாற்காலியைப் பின்கட்டு ஜன்னலுக்கு மாற்றிவிட்டார். அங்கே வெயில் வருகிறது, அவனுக்குப் பிடித்திருக்கிறதாம்.

காலையில் வண்டியை வெளியே எடுத்தேன். நல்ல வேலைப்பாடு, முதல் உதையிலேயே பிடித்துக்கொள்கிறது. ஏறாமல் பக்கத்தில் நின்றேன், வாசற்படியைப் பார்த்துக்கொண்டு. நிறைய நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. தையல்காரர், "என்னப்பா, யாருக்காகக் காத்திருக்க?" என்று கேட்டார்.

யாரும் வரவில்லை. நானே பொத்தானை அமுக்கி நிறுத்தி, வண்டியை உள்ளே தள்ளிவிட்டு, பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.